இலையில்லாத மாதத்தில் உம்மாவோடு குதிரைமலைக்கு

வில்பத்துக் காட்டைப் பார்க்கப் போகிறவர்கள் பெப்ரவரியில் போவார்கள். மழை விட்டிருக்கும், காடு பச்சையாக இருக்கும், வில்லு என்று சொல்கிற அந்த ஆழமில்லாத இயற்கைக் குளங்களில் தண்ணீர் தளும்பும். நான் ஓகஸ்ட் கடைசி வாரத்தில் போனேன். வெயில் மண்டையைப் பிளக்கும், வில்லுகள் பாதி வற்றியிருக்கும், பாதி மரங்களில் ஒரு இலையும் இருக்காது என்று நன்றாகத் தெரிந்துகொண்டுதான் போனேன். கூட உம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன்.

இந்தப் பக்கத்தை வாசித்து வருகிறவர்களுக்கு என்னைத் தெரியும். ஓரிடத்தில் குந்தி இருக்க எனக்கு வராது. ஹோட்டன் சமவெளியில் குளிரில் நடுங்கிக்கொண்டு நடந்ததையும், நக்கிள்ஸ் மலையில் அட்டைக்கடி வாங்கியதையும் எழுதியிருக்கிறேன். "இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு எப்படி இப்படிச் சுற்றுகிறீர்கள்?" என்று சிலர் கேட்பார்கள். நான் ஏதாவது பகிடியாகப் பதில் போடுவேன். உண்மையான பதில் உம்மாதான். பாலாவியில் எங்கள் வீட்டில் உம்மா இருக்கிறார் என்ற தைரியத்தில்தான் நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவேன்.

அந்தத் தைரியத்துக்கு இந்த வருடம் ஆபத்து வந்தது. என் தம்பி றிஸ்வானுக்கு மறிச்சுக்கட்டிப் பக்கம் ஒரு பாடசாலையில் ஆசிரியர் வேலை கிடைத்தது. மறிச்சுக்கட்டி மன்னார் மாவட்டத்தின் தெற்கு விளிம்பில் இருக்கிறது. எங்கள் ஊர் அதுதான். தொண்ணூறில், சண்டைக் காலத்தில், வடக்கிலிருந்த முஸ்லிம்கள் எல்லாரையும் வெளியேறச் சொன்னபோது விட்டுவிட்டு வந்தது. அங்கே எங்களுடைய பழைய வளவில் தம்பி இரண்டு அறையும் ஒரு குசினியுமாக வீடு கட்டத் தொடங்கினான். கட்டி முடிந்ததும் உம்மா தன்னோடு வந்துவிடுவார் என்றான். உம்மாவிடம் கேட்டேன். "பாப்பம்" என்றார். உம்மா "பாப்பம்" என்றால் பாதி முடிவெடுத்துவிட்டார் என்று அர்த்தம்.

எனக்குக் கோபம் வந்தது. எங்கள் ஆட்களிடம் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கலியாணத்தோடு வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிடுவார்கள், மாப்பிள்ளை அங்கே வந்து சேர்வார், தாயும் தகப்பனும் அதே வீட்டில் ஒரு அறையில் இருப்பார்கள். வாப்பா மௌத்தாகி ஆறு வருடமாகிறது. உம்மா மகளோடு இருப்பதுதான் முறை. மகளை விட்டுவிட்டு மகனோடு போனால் ஊர் என்ன கதைக்கும்? நான் சோறு கொடுக்காமல் துரத்தினேன் என்றுதானே?

ஆகவே ஒரு திட்டம் போட்டேன். பாலாவியிலிருந்து மறிச்சுக்கட்டிக்கு நேர் வழி வில்பத்துக் காட்டுக்குள்ளால்தான் போகிறது. அது தேசியப் பூங்கா என்பதால் இப்போது அந்தப் பாதையால் ஊடறுத்துப் போக விடமாட்டார்கள். பூங்கா பார்க்கப் போகிற ஜீப் உள்ளே போய்விட்டுப் போன வாசலாலேயே திரும்ப வேண்டும். உம்மாவை அந்த ஜீப்பில் ஏற்றி, வறண்டு கிடக்கிற காட்டையும் அந்தத் தூரத்தையும் கண்ணால் காட்டிவிட்டால் மனம் மாறிவிடும் என்று நினைத்தேன். அதற்காகவே இருக்கிற மாதங்களில் மோசமான மாதமாகத் தேடிப் பிடித்தேன்.

போகிற அன்று விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டு உம்மா குசினிக்குள் நின்றார். நான் ஏற்கனவே வாசலுக்கும் குசினிக்கும் நாலு தரம் நடந்துவிட்டேன்.

"இந்தப் பெரிய சில்வர் பெட்டிய எடுக்கவா மகள்?" என்று கேட்டார்.

"எடுங்களேன் உம்மா. இதையெல்லாம் கேக்கோணுமா? நேரம் போகுது."

பெட்டியில் சோறும் மாசிச் சம்பலும் பொரித்த மீனும் வைத்தார். பொலித்தீன் கொண்டுவரக் கூடாது என்று ஜீப்காரர் சொல்லியிருந்ததால் வழமையான லஞ்ச் ஷீட் பார்சல் இல்லை. மூன்று சாப்பாட்டுக் கோப்பையும் எடுத்துத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டார். இரண்டு பேருக்கு எதற்கு மூன்று என்றேன். "ஜீப் ஓட்டுற புள்ளைக்குப் பசிக்காதா?" என்றார்.

ஐந்தேகாலுக்கு ஆட்டோவில் ஏறினோம். பாலாவிச் சந்தியில் அந்த நேரத்திலும் லொறிகள் வரிசையாக நின்றன. புத்தளம் நகரைத் தாண்டி வண்ணாத்திவில்லு வழியாக எலுவன்குளம் போகிற பாதை நல்ல பாதை. புத்தளத்திலிருந்து முப்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. பஸ்ஸும் இருக்கிறது, ஆனால் காலை ஆறரை மணிக்கு வாசலில் நிற்க வேண்டுமென்றால் பஸ்ஸை நம்ப வேண்டாம். ஆட்டோவுக்கு நாலாயிரத்து ஐந்நூறு கொடுத்தேன்.

எலுவன்குளத்தில் ஜீப்போடு அன்ரன் காத்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கற்பிட்டிப் பக்கத்துக் கத்தோலிக்க மீன்பிடிக் குடும்பம். கடல் ஒத்துவரவில்லை, வாந்தி வருகிறது என்று காட்டுக்குள் வந்தவர் என்று அவரே சொல்லிச் சிரித்தார். நாங்கள் போனபோது அரை நாளுக்குப் பதினைந்தாயிரம் வாங்கினார். நுழைவுச் சீட்டு தனி, உள்ளூர்க்காரருக்கு அது பெரிய தொகை இல்லை.

வாசலுக்குப் போகக் கலா ஓயாவைக் கடக்க வேண்டும். சப்பாத்துப் பாலம், ஆற்றை ஒட்டித் தாழ்வாகக் கட்டியது. மழைக்காலத்தில் அதற்கு மேலால் தண்ணீர் பாயும், அன்று எவரும் போக முடியாது. நாங்கள் போன அன்று பாலத்துக்குக் கீழே ஒரு கொக்கின் கால் நனையும் அளவுக்குத்தான் தண்ணீர். எனக்குத் திருப்தியாக இருந்தது. "பாத்தீங்களா உம்மா, ஆறே காஞ்சு போச்சு" என்றேன். உம்மா எட்டிப் பார்த்தார். "ஓம், வெயில் காலம்தானே" என்றார்.

இந்த நாட்டில் இலையுதிர் காலம் கிடையாது என்று சொல்பவர்கள் இந்தப் பாதையால் ஒருமுறை ஓகஸ்டில் வரட்டும். பாலையும் வீரையும் எந்த வெயிலிலும் பச்சையை விடாது. ஆனால் இடையிடையே நிற்கிற முதிரை மரங்கள் இலையை முழுக்க உதறிவிட்டு வெறும் கிளையோடு நிற்கும். கொன்றையும் அப்படித்தான். செம்மண் பாதையின் இரண்டு பக்கமும் மஞ்சளும் மண்ணிறமுமாகச் சருகு முழங்கால் உயரத்துக்கு ஒதுங்கிக் கிடந்தது. சோளகக் காற்று ஒரு தரம் அடித்தால் நாலு பக்கத்திலிருந்தும் இலை பறந்து ஜீப்புக்குள் விழும். வெளிநாட்டு மலைகளின் சிவப்பு மஞ்சள் படங்களைப் பார்த்து ஏங்குகிறவர்களுக்கு இது போதாமல் இருக்கலாம். எனக்குப் போதும். உண்மையைச் சொன்னால், இவ்வளவு அழகாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, அதனால் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

இன்னொரு எரிச்சல், இறங்க முடியாது. பூங்காவுக்குள் குறித்த சில இடங்களைத் தவிர வேறெங்கும் காலைக் கீழே வைக்கக் கூடாது. கிளைப் பாதை ஒவ்வொன்றும் காட்டுக்குள் வளைந்து போகிறது, அதில் நடந்து போய் வளைவுக்கு அப்பால் என்ன என்று பார்க்க வேண்டும்போல் இருக்கிறது, ஆனால் கதிரையில் கட்டி வைத்ததுபோல இருக்க வேண்டும். நான் இந்தப் பக்கம் எழும்பி, அந்தப் பக்கம் எழும்பி, கம்பியைப் பிடித்துத் தொங்கி, மூன்று தரம் அன்ரனிடம் பேச்சு வாங்கினேன்.

"அக்கா, இருங்க. நீங்க ஆடுற ஆட்டத்துக்கு மான் எல்லாம் ஓடுது."

உம்மாவுக்குச் சிரிப்பு. "சின்னதிலயே இப்படித்தான் மகன். இந்தப் பாதையால நாங்க நடந்து வரக்குள்ளயும் இடுப்பில இருக்க மாட்டன் எண்டு துள்ளினவள்."

அன்ரன் வேகத்தைக் குறைத்தார். "தொண்ணூறிலயா அம்மா? இந்தப் பாதையாலயா வந்தீங்க?"

"ஓம்."

"அப்ப ஒவ்வொரு இடமும் ஞாபகம் இருக்குமே."

"ஒண்டும் ஞாபகம் இல்ல மகன். கீழ காலப் பாத்துக்கொண்டுதானே நடந்த. முள்ளு. மரத்தைப் பாக்க எங்க நேரம்? இண்டைக்குத்தான் பாக்கிறன்."

எனக்கு அப்போது ஆறு வயது. எனக்கும் ஒன்றும் ஞாபகமில்லை, தண்ணீர் கேட்டது மட்டும் மங்கலாக. உம்மா கண்கலங்குவார், நான் கையைப் பிடித்துக்கொள்ளலாம், அப்படியே கதையை எடுத்து 'இந்தப் பாதைக்கு அந்தப் பக்கம் மறுபடியும் போகத்தான் வேணுமா?' என்று கேட்கலாம் என்று உள்ளுக்குள் கணக்குப் போட்டிருந்தேன். உம்மா என்னடாவென்றால் பாதையோரம் நின்ற மயிலைக் காட்டி, "இதுக்குத் தோகை விழுந்திட்டு, பாவம்" என்று கவலைப்பட்டார்.

பொம்பரிப்பு தாண்டியதும் காடு இன்னும் வெளுத்தது. நான் விடவில்லை.

"பாருங்க உம்மா, ஒரு இலை இல்ல. ஊரும் இப்படித்தான் இருக்கும். இந்த வெயில், இந்தக் காத்து. கிணத்துத் தண்ணியும் உவராயிருக்குமாம்."

"இலை இல்லாதது நல்லம்தானே" என்றார் உம்மா. "எவ்வளவு தூரத்துக்குத் தெரியுது பாரு. அங்க ஒரு யானை நிக்குது."

நான் பார்க்கவில்லை, அன்ரனும் பார்க்கவில்லை. உண்மையிலேயே வெறும் கிளைகளுக்கு அப்பால், இருநூறு மீற்றர் தள்ளி, மண் நிறத்தில் ஒரு கொம்பன் நின்றது. அன்ரன் பிறேக் போட்டுவிட்டு, "அம்மா, நீங்க எனக்கு வழிகாட்டியா வாங்க, சம்பளம் தாறன்" என்றார். பெப்ரவரியில் இதே இடத்தில் பத்து மீற்றருக்கு அப்பால் ஒன்றும் தெரியாது என்றும் சொன்னார். ஆகவே மிருகம் பார்க்க வருகிறவர்கள் என்னைப்போல உள்நோக்கம் இல்லாமலும் ஓகஸ்டில் வரலாம்.

பத்தரை மணிக்குக் குதிரைமலை. பெயரைக் கேட்டு மலை ஏறும் சப்பாத்தோடு வந்துவிடாதீர்கள், மலை இல்லை. கடலோரமாகச் செங்குத்தாக நிற்கிற ஒரு செம்மண் மேடு. ஆனால் அந்த நிறத்தை நான் எந்த மலையிலும் பார்த்ததில்லை. மேலே செங்கல் சிவப்பு, கீழே கடல் நீலம், நடுவில் ஒன்றுமில்லை. இங்கே ஜீப்பை விட்டு இறங்கலாம். நான் இறங்கி ஓடினேன் என்றே சொல்ல வேண்டும். அந்த முனைக்குப் போய், இந்த முனைக்கு வந்து, விளிம்பில் நின்று காற்றுக்கு முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரும்பினால், உம்மா ஒரு மர நிழலில் துணியை விரித்துச் சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டார். அன்ரனுக்குத் தனிக் கோப்பையில் மீன்துண்டு இரண்டாகப் போட்டுக் கொடுத்தார். அவர் அதை வாங்கிக்கொண்டு ஜீப்பின் நிழலுக்குப் போனார்.

உம்மா வடக்குப் பக்கம் கரையைப் பார்த்தார். மணலும் புதருமாக நீண்டு போய் வெயிலில் கலங்கித் தெரிந்தது.

"அந்தப் பக்கம்தானே ஊர்?"

"ஓம் உம்மா. இதால போக ஏலுமெண்டா பக்கம். ஏலாதே. அனுராதபுரம் சுத்தி, மதவாச்சி சுத்தி, இருநூறு கிலோமீற்றருக்கு மேல. ஒரு நாள் போயிடும். காய்ச்சல் எண்டா நான் எப்படி வாற? பிள்ளைகள் உங்களைத் தேடுவாங்க. ஊர் என்னைத்தானே பேசும்?" எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். கடைசியில் மிச்சமிருந்ததும் வந்துவிட்டது. "உங்களுக்கு என்ன குறை வச்சன்? அந்த வெறும் தரையில என்ன ஞாபகம் கிடக்குது எண்டு போறீங்க?"

உம்மா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"ஞாபகமா? ஆர் சொன்ன ஞாபகம் எண்டு? அந்த வளவில நான் இருந்தது எட்டு வருசம். இங்க முப்பது வருசத்துக்கு மேல. ஞாபகமெண்டா பாலாவிதான் எனக்கு."

"அப்ப ஏன்?"

"அது எனக்கு என்ட உம்மா சீதனமாத் தந்த வளவு. என்ட பேர்ல கிடக்கு. பாலாவி வீட்டை உன்ட கலியாணத்துக்கு உனக்கு எழுதினம். சந்தோசமாத்தான் எழுதின. முறையும் அதுதான். ஆனா அண்டையில இருந்து நான் உன்ட வீட்டிலதானே இருக்கிறன்?"

"உம்மா, அது உங்கட வீடுதானே!"

"உன்ட வீடு, புள்ள. நீ ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்ல, அல்லாஹ் உனக்கு நல்லது தருவான். ஆனா ஒரு சட்டி எடுக்கிறதெண்டாலும் உன்னட்டக் கேட்டுத்தான் எடுக்கிறன். நீ கேக்கச் சொன்னதில்ல. எனக்குக் கேக்காம எடுக்க வராது. பதினாறு வருசமாக் கேக்கிறன். எனக்குக் கேட்டு அலுத்துப் போச்சு. சாகிறதுக்கு முந்தி என்ட குசினியில, என்ட சட்டியில, ஆரிட்டயும் கேக்காம ஒரு தேத்தண்ணி ஊத்திக் குடிக்கோணும். அவ்வளவுதான்."

காலையில் பெட்டியை எடுக்கவா என்று கேட்டதற்கு நான் சொன்ன பதில் காதில் ஒலித்தது. அந்தக் கேள்வியைப் பதினாறு வருடம் காதால் கேட்டிருக்கிறேன், ஒரு நாளும் அதைக் கேள்வியாக எடுத்ததில்லை. குயில் கூவுவதுபோல, கதவு கிறீச்சிடுவதுபோல வீட்டில் இருக்கிற ஒரு சத்தம் என்று விட்டிருக்கிறேன். அழுகை வந்தது. அழுதேன். உம்மா இடது கையால் என் முதுகைத் தட்டி, "சாப்பிடு, மண் பறக்குது" என்றார்.

கொஞ்ச நேரத்தில் அன்ரன் கோப்பையைக் கழுவிக் கொண்டு வந்து கொடுத்தார். என் முகத்தைப் பார்த்தார். "திரும்பக்குள்ள சிறுத்தை ஒண்டு காட்டுறன் அக்கா" என்றார்.

காட்டினார். அதாவது வாலைக் காட்டினார். பாதையைக் கடந்து போன ஒரு சிறுத்தையின் பின்பாதி, இரண்டு நொடி. சருகுக்குள் ஒரு சத்தமும் இல்லாமல் இறங்கி மறைந்தது. நான் கமராவைத் தூக்கவே இல்லை, ஆகவே படம் கேட்டு எழுத வேண்டாம். திரும்பி வந்த வழி முழுக்க நான் ஒரு தரமும் எழும்பவில்லை என்று அன்ரன் எலுவன்குளத்தில் இறங்கும்போது உம்மாவிடம் சொன்னாராம். மனதுக்குள் நான் எத்தனை தரம் எழும்பினேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

உம்மா செப்டெம்பர் நடுவில் போனார். தம்பி லொறி பிடித்துக்கொண்டு வந்தான். உம்மாவின் அலுமாரியைத் தவிர வேறொன்றையும் ஏற்ற உம்மா விடவில்லை. பெரிய சில்வர் பெட்டியைக் கொண்டு போங்கள் என்று நான் கெஞ்சினேன். அங்கே புதிதாக வாங்குவேன் என்றார், ஒரு பிடிவாதக்காரக் கலியாணப் பெண்ணின் முகத்தோடு. ஊர் கதைத்தது. கதைக்கட்டும். நான் இரண்டு கிழமை வீட்டுக்குள் அறை அறையாக நடந்தேன். பிள்ளைகளை என் கணவரிடம் விட்டுவிட்டு எங்காவது கிளம்பலாம் என்றால் நுரைச்சோலையில் அவருக்கு இரவு வேலை. முதன்முதலாக எங்கும் போக முடியாமல் வீட்டில் இருந்து பார்த்தேன். உம்மா எப்படி இருந்தார் என்று கொஞ்சம் விளங்கியது.

இனிப் போகிறவர்களுக்கு. எலுவன்குள வாசலுக்குப் போவதற்கு முதல் நாள் ஜீப்காரரிடம் கலா ஓயாவில் தண்ணீர் எவ்வளவு என்று கேளுங்கள், மழை தொடங்கினால் பாலம் மூழ்கிவிடும். வார நாட்களில் போங்கள். ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர் வேண்டும், உள்ளே கடை இல்லை. இலையில்லாத காட்டைப் பார்க்க ஓகஸ்ட், செப்டெம்பர். பச்சைக் காட்டைப் பார்க்க மற்ற மாதங்கள். உள்ளே போகிற பாதை மேடு பள்ளம், இடுப்பு வலி உள்ளவர்கள் தலையணை ஒன்று கொண்டு போங்கள். யாரையாவது மனம் மாற்ற வேண்டும் என்று கூட்டிக்கொண்டு போகாதீர்கள், அந்தக் காடு அதற்குத் தோதான இடமில்லை.

மறிச்சுக்கட்டிக்குப் போகிறவர்கள் புத்தளத்தில் மன்னார் பஸ் ஏறி, அனுராதபுரம், மதவாச்சி வழியாக முருங்கனில் இறங்கி, அங்கிருந்து சிலாவத்துறை வழியாகப் போகிற பஸ் பிடிக்க வேண்டும். இடையில் காத்திருப்பதையும் சேர்த்து எனக்கு ஏழு மணித்தியாலம் பிடித்தது. ஒக்டோபர் கடைசியில் பிள்ளைகளோடு போனேன். கையை வீசிக்கொண்டு போகக் கூடாதே என்று ஒரு கிலோ முந்திரிகையும் பிஸ்கட் பெட்டியும் வாங்கினேன். எங்கள் முறையில் மகள் தாய் வீட்டை விட்டுப் போவதே இல்லை, ஆகவே தாய் வீட்டுக்கு விருந்துக்குப் போவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. நாற்பதைத் தாண்டிய பிறகு எனக்கு ஒரு உம்மா வீடு கிடைத்திருந்தது.

மழை தொடங்கிவிட்டது. வளவைச் சுற்றி நின்ற மொட்டை மரங்களில் எல்லாம் தளிர். குசினிக்குள் அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது, உம்மா பின்பக்கம் கோழிக்கு ஏதோ போட்டுக்கொண்டு நின்றார். வழக்கம்போல எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நானே தேத்தண்ணீர் ஊற்றலாம் என்று எழும்பி, தட்டில் கவிழ்த்து வைத்திருந்த புதுக் கோப்பைக்குக் கையை நீட்டினேன். கை அப்படியே நின்றது.

"உம்மா, இந்தக் கோப்பைய எடுக்கவா?"

உம்மா வாசலில் வந்து நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ போய்க் கதிரையில இரு" என்றார். "நான் ஊத்தித் தாறன்."

போய் இருந்தேன்.